கொசஸ்தலையாற்றங்கரையில் இரண்டு சேனாபதிகள்

சென்னையிலிருந்து கல்கத்தா பெருவழியில் வடக்கே புறப்பட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்கிறவர்கள் நாள்தோறும் காரனோடைப் பாலத்தின்மேல் கொசஸ்தலையாற்றைக் கடந்து போகிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலும் கோரையுமாகக் கிடக்கும் அந்த ஆறு, 1780ஆம் ஆண்டு ஒரு கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளத்தைத் தன் வடகரையிலேயே ஏறத்தாழ ஒன்பது நாள் கட்டிப்போட்டு, அதன் விளைவாகத் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத பெருந்தோல்விக்கு வழிகோலியது என்று சொன்னால், பஸ்ஸில் கண்ணயர்ந்து போகிறவர் நம்புவது கடினம். ஆயினும் நடந்தது அதுதான். அந்த ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 10 வரையிலான 17 நாள்களை ஒரு மேசையின்மேல் படமாக விரித்து, கும்பினித் தரப்பில் இருவரும் மைசூர்த் தரப்பில் இருவரும் நடுவராக ஒருவருமாய் ஐவர் அமர்ந்து ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன்.

சரித்திர யுத்தப் பலகையாட்டம் என்பது என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். உண்மையில் நடந்த ஒரு போரின் களத்தைப் படமாக வரைந்து, அதன்மேல் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோணக் கட்டங்களை இழைத்து, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் அட்டைக் காயை வைத்து, அந்தக் காய் ஒரு நாளில் எத்தனை கட்டம் நடக்கலாம், சேற்றிலும் காட்டிலும் அதன் நடை எவ்வளவு குறையும், எதிரியோடு மோதினால் பகடையின் எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே விதியாக எழுதிவைத்துக்கொண்டு ஆடுவது அது. சதுரங்கத்தில் இரு பக்கமும் சமபலம். இங்கே சரித்திரம் எப்படிப் பங்கிட்டதோ அப்படித்தான் பலம் அமையும். இந்த ஏற்றத்தாழ்வு நம்மவர்க்குப் புதிதன்று. 3 புலியும் 15 ஆடும் வைத்துத் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில், எண்ணிக்கையால் எளியவர் வலியவரை மடக்குவதையும், வலியவர் எளியவரைத் தாண்டி வெட்டுவதையும் நம் பாட்டிமார் யாரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார்கள்.

கூட்டாக ஆடும் வழக்கமும் இந்தத் தேசத்துக்குப் பழையதே. நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் ஒருவகைச் சதுரங்கத்தைப் பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி குறிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தில் வங்காளத்தில் எழுதப்பட்ட விதிகளின்படி, அந்த ஆட்டத்தில் எதிரெதிரே அமர்ந்த இருவர் நேசர்கள். ஆனால் ஒருவருடைய ராஜா தம் நேசரின் சிம்மாசனக் கட்டத்தில் போய் அமர்ந்துவிட்டால், இரண்டு சேனைகளின் அதிகாரமும் அவருக்கே வந்துவிடும். நேசனையும் ஒரு கண்ணால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த விதியை எழுதியவர் மறக்கவில்லை.

ஆட்டத்தை யுத்த சாஸ்திரத்தின் ஓர் அங்கமாகவே ஆக்கியவர்கள் பிரஷ்யர்கள். பிரெஸ்லாவில் சிவில் உத்தியோகத்திலிருந்த ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812ஆம் ஆண்டில் தம் அரசருக்காக ஓர் ஆட்டமேசையைச் செய்து கொடுத்தார். பீரங்கிப்படையில் லெப்டினெண்டாக இருந்த அவர் மகன் அதையே காகிதப் படத்தின்மேல் ஆடும்படி மாற்றி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். படம் 1:8000 என்ற அளவில் வரையப்பட்டது. ஒவ்வொரு முறையும் போர்க்களத்தின் 2 நிமிஷத்துக்குச் சமம். மகனுடைய மூளையில் உதித்த அபூர்வமான யுக்தி அளவிலும் கணக்கிலும் இல்லை. இரண்டு தரப்பினரையும் தனித்தனியே வைத்து, உண்மை முழுவதையும் அறிந்த ஒரு நடுவரை நடுவில் இருத்தி, ஒரே தரப்பைச் சேர்ந்த அதிகாரிகள்கூடத் தங்களுக்குள் வாயால் பேசாமல் சீட்டு எழுதியே தொடர்புகொள்ள வேண்டும், அந்தச் சீட்டும் குதிரை ஓடும் நேரம் கழிந்த பிறகே கையில் கிடைக்கும் என்று அவர் ஏற்பாடு செய்தாரே, அங்கேதான் பலகையாட்டம் பொழுதுபோக்கு என்ற நிலையை விட்டு வேறொன்றாக மாறியது. பிரஷ்யப் படையின் தலைமைப் பணிக்குழுத் தலைவராயிருந்த மூஃப்லிங் அதைக் கண்டு மெச்சிப் பட்டாளங்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். ஆனால் அந்த இளைஞர் 1827இல் தற்கொலை செய்துகொண்டார் என்பது அந்தச் சரித்திரத்தின் சோகமான ஏடு.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற ஆட்டத்தையும் 1958இல் ‘கெட்டிஸ்பர்க்’ என்ற ஆட்டத்தையும் பெட்டியில் போட்டு விற்று, சேனாபதி உத்தியோகத்தைச் சாமானிய ஜனங்களின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி 1942 முதல் ஒரு மாடியறையின் தரையைச் சமுத்திரமாகக் கோடிட்டு, கப்பல் தலைவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, துவாரத்தின் வழியே அவரவர்க்குத் தெரிய வேண்டியதை மட்டும் காட்டி ஆடச் செய்தார். அந்த ஆட்டங்களை நடத்திக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடற்படைப் பெண்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகளை எதிர்க்கும் உபாயங்கள் சில அந்தத் தரையில்தான் பிறந்தன.

இனி நம்முடைய களத்துக்கு வருவோம். 1780 ஜூலையில் ஹைதர் அலி 80,000 பேருக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்படும் சேனையோடு செங்கம் கணவாய் வழியே ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பிரதேசத்தில் இறங்கி, ஆகஸ்டில் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். சென்னைக் கும்பினியின் பிரதான சேனாபதி சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்ஸாரில் ஜயித்துப் பெயர்பெற்றவர். அவரிடம் சுமார் 5,200 பேர். கர்னல் வில்லியம் பெய்லி குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு கும்மிடிப்பூண்டி வழியே தெற்கே வந்துகொண்டிருந்தார். இரண்டு படைகளும் சேர வேண்டும்; எங்கே சேர்வது என்பதே கேள்வி. சென்னைக்கு அருகிலேயே சேர்ந்துவிடுவது க்ஷேமம் என்பது ஸ்காட்லாந்துப் படைத் தலைவர் மக்லௌட் பிரபுவின் அபிப்பிராயம். மன்றோ கேட்கவில்லை. பகைவனுக்கு வெகு சமீபத்தில், காஞ்சீபுரத்தில்தான் சேர வேண்டும் என்று ஆக்ஞையிட்டார்.

பெய்லி ஆகஸ்டு 25ஆம் தேதி கொசஸ்தலையாற்றை அடைந்தபோது ஆற்றில் தண்ணீர் சொற்பமே. இருந்தும் அன்றைக்கு அக்கரை போகாமல் இக்கரையிலேயே கூடாரம் அடித்தார். அன்றிரவு மேற்கே மலைப்பக்கம் பெய்த மழையின் வெள்ளம் வந்து இறங்கிற்று. செப்டம்பர் மாதம் பிறந்து மூன்று நாள் ஆகும்வரை கடக்க முடியவில்லை. அதற்குள் ஹைதர் ஆர்க்காட்டு முற்றுகையை விட்டுக் காஞ்சிப்பக்கம் வந்துவிட்டார். 30 வயது நிரம்பாத தம் மகன் திப்புவைப் பெய்லியின்மேல் ஏவினார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் செப்டம்பர் 6ஆம் தேதி இருவரும் மோதினார்கள். மோதி முடிந்தபின் நடந்தது ரசமானது: மேலும் படை வராமல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று திப்பு தந்தைக்கு எழுத, தம்மால் வந்து சேர முடியாது, நீங்களே வாருங்கள் என்று பெய்லி மன்றோவுக்கு எழுதினார். தந்தை முழுச் சேனையோடு வந்தார். மன்றோ கர்னல் ஃபிளெட்சரின் கீழ் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். 10ஆம் தேதி காலை, பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூரில், மைசூர்ப் படையின் வாணங்களும் பீரங்கிகளும் பெய்லியின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்திவிட, கும்பினிப் பட்டாளம் அழிந்தும் சிறைப்பட்டும் போயிற்று.

இந்த யுத்தத்தை இருவர் மட்டும் ஆடினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். கும்பினிப் பக்கம் அமர்ந்தவருக்கு மன்றோவும் தாமே, பெய்லியும் தாமே. இரண்டு காய்களையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு, மூன்றாம் முறையிலேயே பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுவார். ஹைதர் ஏமாந்து நிற்பார். சரித்திரம் ஏன் அப்படி நடந்தது என்பது ஆடியவர் எவருக்கும் விளங்காது. நடந்த காரியத்தின் சூட்சுமம் எதிரியின் பலத்தில் மட்டுமல்ல, ஒரே கொடியின்கீழ் இருந்த இருவருக்கு இடையே கிடந்த இருபது முப்பது மைலில் இருந்தது. அந்த மைல்களை மேசைக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒரு தரப்புக்கு இரண்டு மனிதர் வேண்டும். கூட்டாக ஆடும் யுத்தப் பலகையில் எதிரியைச் சமாளிப்பது பாதி வேலைதான்; கூட்டாளியின் மனத்தைத் தூரத்திலிருந்து ஊகிப்பதே மற்றப் பாதி, கடினமான பாதி.

ஆகவே நண்பர்களோடு சேர்ந்து விதிகளை நாங்களே எழுதிக்கொண்டோம். ஒரு கட்டத்துக்கு 2 மைல்; ஒரு முறைக்கு ஒரு நாள்; கடைசி இரவும் மறுநாள் காலையும் மட்டும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. கும்பினிக் காலாட்படை நாளொன்றுக்கு 5 கட்டம், மைசூர்க் குதிரைப்படை 10 கட்டம். மன்றோவாக ஆடுகிறவர் ஓர் அறையில், பெய்லியாக ஆடுகிறவர் மற்றோர் அறையில். இருவரிடமும் ஆளுக்கொரு வெறும் படம். உண்மைப் படம் நடுவரிடம். ஒருவருக்கொருவர் எழுதும் சீட்டு நான்கு வரிக்கு மேற்போகக் கூடாது. அதை வாங்கிய நடுவர் பகடை உருட்டுவார்: 5, 6 விழுந்தால் மறுநாள் சேரும்; 3, 4 என்றால் இரண்டு நாள் தாமதம்; 1, 2 விழுந்தால் தூதன் பிடிபட்டான், சீட்டு சத்தமில்லாமல் ஹைதரின் மேசைக்குப் போய்விடும். எழுதியவருக்கு எது நேர்ந்ததென்று தெரியாது. பதில் வராத காரணம் ஆறா, குதிரைக்காரனா, அல்லது அந்த அறையில் உள்ளவரின் சோம்பலா என்று அவர் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மைசூர்த் தரப்புக்கு நாங்கள் அதே கட்டுப்பாட்டை வைக்கவில்லை. ஹைதரின் குதிரைப்படை நாடெங்கும் பரவிக் கிடந்தது. அவருடைய ஒற்றர்கள் காஞ்சியில் மன்றோவின் பாளையத்திலேயே இருந்தார்கள். இரண்டு எதிரிப் படைகளுக்கும் நடுவில் அவர் இருந்தபடியால் மகனுக்கும் அவருக்கும் ஓலை போய்வருவது எளிது. ஆதலால் ஹைதரும் திப்புவும் ஒரே மேசையில் அமர்ந்து, முறைக்கு ஒரு நிமிஷம் பேசிக்கொள்ளலாம். இது அநியாயம் என்று கும்பினித் தரப்பினர் எப்போதும் முறையிடுகிறார்கள். அநியாயந்தான், அந்தச் சௌகரியத்தை ஹைதர் யாரிடமும் தானம் வாங்கவில்லை, தாமே தேடிக்கொண்டார்.

முதல் நாள் மாலையில் ஆற்றங்கரையில் நடப்பது பார்க்கத் தகுந்த காட்சி. பெய்லியின் காய் கொசஸ்தலையாற்றின் வடகரைக் கட்டத்தில் வந்து நிற்கும். நடையில் இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருக்கும். கடந்தால் வீரர்கள் களைத்துவிட்டதாகக் கணக்கு, மறுநாள் நடை 2 கட்டம் குறையும். நடுவர் ஒரு கிண்ணத்தின்கீழ் பகடையை உருட்டி மூடிவைத்துவிட்டு, ‘இன்றிரவு எந்தக் கரையில் கூடாரம்?’ என்று மட்டும் கேட்பார். சரித்திரம் படித்தவர் உடனே கடந்துவிடுவார். நடுவரும் அதற்குச் சித்தமாகவே இருக்கிறபடியால் வெள்ளம் எந்த நாளில், எந்த ஆற்றில் வரும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆரணியாற்றிலும் வரலாம், ஒரு வாரம் கழித்துக் கூவத்திலும் வரலாம், வராமலே போகலாம். கிண்ணத்தைத் திறக்கும்போது கடந்தவர் பெருமூச்சு விடுவதும், கடக்காதவர் பேனாவை எடுத்து மன்றோவுக்குச் சீட்டு எழுதத் தொடங்குவதும் தவறாமல் நடக்கும்.

மன்றோவை மூடர் என்று சொல்லும் புத்தகங்கள் உண்டு. அவருடைய நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு சுலபமாக அப்படிச் சொல்லத் தோன்றாது. அவர் காஞ்சிக்குக் கொண்டுவந்த அரிசி சில நாள்களுக்கே போதுமானது. நவாபு தரப்பிலிருந்து வரும் என்று நம்பிய உதவி வந்து வாய்க்கவில்லை. கிடைத்த நெல்லையும் அரிசியையும் கோயில் மதிலுக்குள் சேர்த்துவைத்துவிட்டுக் காவல் இருந்தார். எங்கள் ஆட்டத்தில் அந்த அரிசிக்கு ஒரு தனிக் காய் உண்டு, வெறும் புளியங்கொட்டைதான். மன்றோ காஞ்சியை விட்டு முழுப்படையோடு கிளம்பினால் அந்தப் புளியங்கொட்டையை ஹைதர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் மூன்றாம் நாளிலிருந்து மன்றோவின் படை பட்டினி. கிளம்பாவிட்டால் பெய்லி தனித்துப் போவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடுகிறவர், தாம் சரித்திரத்தைப் பின்பற்றுகிறோம் என்ற உணர்வே இல்லாமல், 1,000 பேரைப் பிரித்து அனுப்பிவிடுகிறார். ஆட்டம் முடிந்தபின் பெய்லியாக ஆடிய இளைஞர் மன்றோவாக ஆடிய பெரியவரிடம், ‘அண்ணே, நான் கேட்டது படை, நீங்கள் அனுப்பியது சமாதானம்’ என்று குறைப்பட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை. பெரியவரோ, ‘தம்பி, உன் சீட்டில் எத்தனை பேர் வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறாய்?’ என்று கேட்டார். சீட்டை எடுத்துப் பார்த்தோம், எழுதியிருக்கவில்லை.

ஃபிளெட்சரின் நடையும் ஆட்டத்துக்கு நல்ல விஷயம். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்கள் என்று சந்தேகித்து, அவர்கள் காட்டிய பாதையை விட்டு வேறு பாதையில் இரவோடிரவாகச் சுற்றிச் சென்று, அவர் 9ஆம் தேதி காலை பெய்லியை அடைந்துவிட்டார். ஆகையால் அந்த வழிகாட்டிக் காயை நடுவர் கவிழ்த்துவைத்துக் கொடுக்கிறார். நம்பினால் நடை விரைவு, ஆனால் கவிழ்ந்த பக்கத்தில் எந்த முத்திரை என்பது சேர்ந்தபின்தான் தெரியும். அன்றிரவு ஒன்றுசேர்ந்த சுமார் 3,800 பேர் காஞ்சியை நோக்கி நடந்தபோது, ஏறக்குறைய பத்து மைலே மீதியிருக்க, விடியட்டும் என்று பெய்லி நடுவழியில் நின்றார். பீரங்கிகளை இருட்டில் இழுத்துச் செல்லத் தயங்கினார் போலும். இந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் எங்களில் எவரும் மேசையில் செய்ததில்லை. பகலில் அலுத்து, இரவில் இருபுறமும் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு நடக்கும் மனிதனின் மயக்கத்தைப் பகடையால் காட்டுவதற்கு வழி எனக்கு அகப்படவில்லை.

அகப்படாதது அது ஒன்றே அல்ல. சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைக் கும்பினிக்கு உணவு கிடைக்காதபடி மைசூர்ப் படை கொளுத்திற்று; குடிகள் மூட்டையும் முடிச்சுமாகச் சென்னைக்கு ஓடிவந்தார்கள். பேரம்பாக்கத்துக் கட்டத்தில் திப்புவின் காயும் பெய்லியின் காயும் மோதும்போது, அந்தக் கட்டத்தில் ஏர் உழுதவனுக்குக் காய் இல்லை. கட்டங்களில் சிலவற்றை ‘ஊர்’ என்று குறித்து, எரிக்கப்பட்டால் சிவப்புப் பொட்டு வைக்கும்படி செய்திருக்கிறோம். ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்தால் திருவள்ளூரிலிருந்து காஞ்சிவரை சிவப்பாக இருக்கும். அதற்கு மேல் பலகையை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

இத்தகைய ஆட்டத்துக்குப் பெருந்தடை நேரம். தனித்தனியே இருவர் ஆடினால் நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. கும்மிடிப்பூண்டி ‘சிப்காட்’ தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்க்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட், அவருக்கு எங்கே நாலு மணி நேரம்? ஆனால் கூட்டாக ஆடினால் இந்தச் சிரமமே பாதி தீர்ந்துவிடுகிறது. சீட்டுகள் ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால், ஒரு நாளுக்கு இரண்டு முறை என்று வாரக்கணக்கில் இழுத்துச் செல்லலாம். பெய்லி வேலைக்குப் போகும் வழியில் தம் சீட்டை நடுவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். மன்றோ ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். தாமதம் இந்த ஆட்டத்துக்குக் குறையே அன்று. சாமான்களும் அதிகம் வேண்டாம்: நாலு தாள் சார்ட் பேப்பர், சட்டைப் பொத்தான்கள், இரண்டு பகடை. கட்டங்களை இழைக்க மட்டும் பொறுமை வேண்டும். களத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் திருவள்ளூரிலிருந்து பேரம்பாக்கம் வழியாகப் புள்ளலூருக்குப் போய் வரலாம்; 1781 ஆகஸ்டு 27இல் அதே இடத்தில் சர் அயர் கூட் ஹைதரோடு நடத்திய இரண்டாம் போரில் இறந்த கும்பினி அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் அங்கே வயல்களுக்கிடையே நிற்கின்றன. அதற்குச் சில நாள் முன்பு கூட் பிடித்த திருப்பாச்சூர்க் கோட்டையும் திருவள்ளூருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த 1781ஆம் ஆண்டுப் போரைக் கூட்டாக ஆடிப் பார்த்ததில் சுவை குறைவாகவே இருந்தது. கும்பினிப் படை முழுவதும் ஒரே மனிதரின் கையில் இருந்தபடியால் இரண்டாமவருக்கு வேலை இல்லை.

கடைசியாக வெற்றி தோல்வியைக் கணக்கிடும் விதி. புள்ளலூரில் வெடிச்சத்தம் கேட்டும் காலத்தில் போய்ச் சேராத மன்றோ, மறுநாள் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் தம் படையோடு திரும்பிவிட்டார். பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் மாண்டார். இருவருக்கும் தனித்தனி மதிப்பெண் என்றால், மன்றோ அவ்வளவு மோசமாக ஆடவில்லை என்றே கணக்கு சொல்லும். ஆகையால் ஒரு தரப்பில் இருவர் இருந்தாலும் மதிப்பெண் ஒன்றே என்று வைத்திருக்கிறோம்: ஒருவர் அழிந்தால் மற்றவரும் தோற்றவரே. விதி கடுமையாக இருக்கிறதென்று சிலர் சொன்னதற்கு இணங்கித் தனித்தனியே மதிப்பெண் கொடுத்தும் ஆடிப் பார்த்தோம். மன்றோவாக அமர்ந்தவர் முதல் நாள் மாலையே, பெய்லிக்கு ஒரு வரி எழுதாமல், செங்கல்பட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.